நகையும் எள்ளலும்

பிறர் பேசும் முறையைக் கேட்டு நகைப்பது அறமாகுமா? பல மொழியினர் கலந்து வாழும் ஊர்களில் நாள்தோறும் எழும் வினா இது. வடக்கு அந்தமானிலுள்ள திக்லிபூர் அத்தகைய ஊர். கிழக்கு வங்கத்திலிருந்து புலம்பெயர்ந்த மக்கள் 1950களில் இப்பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோரும் இங்கு வாழ்கின்றனர். தமக்குள் பேசிக்கொள்ள இந்தியே பொதுமொழி. ஆனால் ஒவ்வொருவர் இந்தியிலும் அவரவர் தாய்மொழி எட்டிப் பார்க்கும். ஒருவர் சொன்னதை மற்றவர் அதே ஒலியில் திரும்பச் சொல்லிச் சிரிப்பர். அச்சிரிப்பு சில வேளை நட்பை வளர்க்கும். சில வேளை நெஞ்சைச் சுடும். இவ்வேறுபாடு எதனால் விளைகிறது?

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது தோன்றுதற்குரிய களங்கள் நான்கு என்றார். எள்ளல் அவற்றுள் ஒன்றே. எனவே எள்ளாமலும் நகைக்க இயலும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தெருக்கூத்தில் அரசனைக் கேலி செய்யும் கட்டியங்காரனும், தோற்பாவைக் கூத்தில் வரும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இம்மரபில் வந்த தோழர்களே.

இத்தோழர்கள் வானொலிக்குள் புகுந்தபோது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அங்கே கோணல் தொப்பியும் இல்லை, குட்டிக்கரணமும் இல்லை. குரலும் பேச்சுவழக்குமே நகைப்பூட்டும் கருவிகளாயின. ஒரு சமூகத்தாரின் வழக்கைப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பது எளிதாயிற்று. அதே அளவுக்கு இடர் மிக்கதும் ஆயிற்று.

இவ்விடரை அன்பால் கடந்த நாடகம் ஒன்றைத் தமிழுலகம் அறியும். 1970களில் இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகள் கும்மாளம்' அது. எஸ். ராமதாஸ் எழுதிய அந்நாடகத்தில் நான்கு பேச்சுவழக்குகள் மோதி விளையாடின. மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசினார்; உபாலி சிங்களம் கலந்த தமிழ் பேசினார்; அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழும் ஐயர் அந்தணர் தமிழும் பேசினர். மரிக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீத். சிங்களவரான உபாலியாக நடித்தவர் தமிழரான செல்வசேகரன். அப்புக்குட்டியாக வந்தவர் ராஜகோபால். 1976-இல் இக்கோமாளிகள் திரைப்படத்திலும் தோன்றினர்.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பிறிதொரு சமூகத்தாரின் நாவைத் தம் நாவாக்க வேண்டுமெனில், அவர் பேச்சை நெடுநாள் செவிமடுத்திருக்க வேண்டும். எள்ளுவோனுக்கு அவ்வுழைப்புத் தேவையில்லை. இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும். மேலும், அந்நாடகத்தில் எவர் ஒருவரும் தனித்த நகைப்பொருளாக நிற்கவில்லை. சிரிப்பு முறை வைத்து எல்லோரிடமும் சென்றது. நடிகரும் அப்பெயர்களைக் கழற்றி எறியவில்லை. மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றே அவர்கள் வாழ்நாளெல்லாம் அறியப்பட்டனர். பிறன் பெயரைத் தன் பெயருக்கு முன்னே சுமப்பது எள்ளுவோன் செய்யும் செயலன்று.

ஆயினும் ஓர் ஐயம் எழும். அந்த நாட்டிலேதான் 1983 ஜூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. உயிர்கள் பல அழிந்தன. அப்படியாயின் அந்தச் சிரிப்பால் விளைந்த பயன் யாது? வானொலி நாடகம் வன்முறையைத் தடுக்கும் அரணாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும், விளக்கு புயலில் அணைந்தது என்பதற்காக, அது ஒளி தந்ததே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. நால்வகை மக்கள் ஒரே வானொலிப் பெட்டியின் முன் தம்மைக் கண்டு தாமே நகைத்த காலம் ஒன்று இருந்தது. அது இயலும் என்பதற்கு அதுவே சான்று.

இந்த அளவுகோலை நம் ஊர்க்கும் கொள்ளலாம். கடன் கேட்டு வந்தவனின் பேச்சைக் கடைக்காரர் பழித்துக் காட்டினால், அவன் திருப்பிச் சிரிக்க இயலாது. அதிகாரியின் முன் நிற்கும் உழவனுக்கும் அதே நிலைதான். அங்கே எழும் சிரிப்பு எள்ளல். வங்க நண்பரின் இந்தியைக் கேட்டு நாம் சிரிக்க, நம் இந்தியைக் கேட்டு அவர் அதைவிட உரக்கச் சிரிப்பாராயின், அது நகை. பிறரைக் கண்டு சிரிக்கும் உரிமை, தன்னைக் கண்டு பிறர் சிரிக்க இடம் தருவோனுக்கே உண்டு.