டீக்கடைக்குப் பேரூராட்சி, மதுக்கடைக்கு யார்?

அகரம் பேரூராட்சிக்குள் ஒருவர் டீக்கடை வைக்க வேண்டுமானால், பேரூராட்சி அலுவலகத்தில் தொழில் உரிமம் வாங்க வேண்டும். கறிக்கடைக்கும் அப்படித்தான். கடைத் தண்ணீர் ரோட்டுக்கு வந்தால் வார்டு கவுன்சிலரை மறித்து, "என்னண்ணே, இதக் கேக்க மாட்டீங்களா?" என்று உரிமையோடு சண்டை பிடிக்கலாம். அதே தெருவில் டாஸ்மாக் கடை வருவதாக இருந்தால், அதற்கு மன்றத்தின் சம்மதம் தேவையில்லை. இடத்தை முடிவு செய்வது திண்டுக்கல் கலெக்டர் அலுவலகம். விற்பது அரசு நிறுவனம். தெருவில் குடியிருப்பவர்களும் அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலர்களும் இதில் வெறும் பார்வையாளர்கள்.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததிலிருந்து, மது என்பது சென்னையில் முடிவாகும் விஷயம். 1971-இல் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் தளர்த்தியது, பிறகு அதே ஆட்சி மீண்டும் கொண்டுவந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மறுபடி தளர்த்தியது. 1983-இல் டாஸ்மாக் உருவானது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் ஜெயலலிதா ஆட்சியில் அதன் கைக்கே வந்தது. அதற்கு முன்பு தனியார் ஏலம் எடுத்து நடத்திய காலத்தில், உரிமம் கொடுப்பவர் ஒருவர், வியாபாரி இன்னொருவர். 2003-க்குப் பிறகு இரண்டும் ஒரே கை. 2023-24-இல் அந்தக் கைக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில், "எங்கள் தெருவுக்கு வேண்டாம்" என்று ஒரு சிற்றூர் சொல்வது எடுபட வேண்டுமானால், அந்தச் சொல்லுக்குச் சட்டத்தின் பலம் வேண்டும்.

சட்டத்தில் மக்களுக்கு இருக்கும் உருப்படியான பிடிமானம் மீட்டர் கணக்கு. 2003-ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், கல்லூரி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. மற்ற பகுதிகளில் 100 மீட்டர். அகரமும் பக்கத்து தாடிக்கொம்பும் பேரூராட்சிகள். ஆகவே இங்கே 100 மீட்டர். 2014-இல் மாநகராட்சியான திண்டுக்கல்லுக்குள் போனால் 50 மீட்டர்தான். வணிகப் பகுதி என்று திட்டக் குழுமம் வரையறுத்த இடத்தில் அதுவும் இல்லை. நகரம் வளர்ந்து ஒரு பேரூராட்சியை விழுங்கினால், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் பாட்டிலுக்கும் இடையில் சட்டம் கேட்கும் தூரம் பாதியாகிவிடும். நகரத்துக் குழந்தைக்கு ஏன் பாதித் தூரம் போதும் என்பதற்கு எனக்கு இன்றுவரை நியாயமான பதில் கிடைக்கவில்லை.

விதியில் இருப்பவை கோயிலும் பள்ளிக்கூடமும்தான். பஸ் ஸ்டாப் இல்லை. ரேஷன் கடை இல்லை. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்ட் முடிந்து, வேனிலிருந்து இருட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற பெண்களின் பாதை இல்லை. கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஆனால் வாங்கியவன் அதே நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. குவார்ட்டரைப் பங்கு போட ஆள் தேடி நிற்கிறான், கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் உட்காருகிறான், பாட்டிலை அங்கேயே அடித்து உடைக்கிறான். நாற்று நடவுக்கு இறங்குகிற அக்காவின் கால் கிழிவது அந்தச் சில்லில்தான். தெருவில் கிடப்பதைப் பொறுக்குவது பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர். 2022-இல் நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் தொடங்கிய, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் திட்டம், இந்தக் குப்பையைக் கணக்கில் எடுத்த ஒரு நல்ல காரியம். இடத்தைப் பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது.

"கிராம சபையில் தீர்மானம் போடலாமே" என்று பலர் சொல்வார்கள். அகரத்துக்கு அந்த வழியே கிடையாது. கிராம சபை என்பது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிகளுக்குத் தந்தது. பேரூராட்சியை நகர்ப்புற உள்ளாட்சி என்று எழுதி வைத்திருப்பதால், வயலும் வரப்புமாக இருக்கும் அகரம் காகிதத்தில் நகரம். நகர்ப்புறங்களுக்கு 2022-இல் பகுதி சபை விதிகள் வந்தன. அங்கே தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை பேசலாம். மதுக்கடையையும் பேசலாம்தான், ஆனால் கடையை நிறுத்தும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை. கிராம சபை உள்ள ஊர்களும் தீர்மானத்தைப் போட்டுவிட்டுக் கலெக்டர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகின்றன. அரசமைப்பின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கென்று அடுக்கும் 29 பொருள்களில் மது இல்லை. பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டு பெசா சட்டம் மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கிராம சபைகளுக்குத் தரச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பக்கத்துச் சிறுமலையின் பழங்குடி மக்களுக்கும் அது பயன்படவில்லை.

உள்ளாட்சியின் தீர்மானத்தை அரசு மது விஷயத்தில் தானாகக் கேட்டு வந்ததும் ஒருமுறை நடந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிற்றூர்களுக்கு அந்தத் தூரம் பிறகு 220 மீட்டரானது. 2017 ஏப்ரல் 1-இல் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடின. மூடிய கடைகள் சாலையை விட்டுக் குடியிருப்புக்குள் நுழையப் பார்த்தன. பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அந்த மாதத்தில்தான், நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றிக்கொள்ளத் தீர்மானம் போடச் சொல்லி நகர உள்ளாட்சிகளுக்கு உத்தரவு போனது. பெயர் மாறினால் 500 மீட்டர் தடை போய்விடும். அப்போது தேர்தல் நடக்காமல் உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாத மன்றத்திடம், கடையைக் காப்பாற்றக் கையெழுத்துக் கேட்டார்கள். உயர் நீதிமன்றம் குறுக்கிட வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 ஜூலை 31-இல், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கேட்டுச் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. ஒரு கடையை இடம் மாற்றக் கேட்பதற்கு முறையான வாசல் இல்லாத ஊரில்தான் ஆள் கோபுரம் ஏற வேண்டிவருகிறது.

வாசல் வைக்க முடியாதா? மகாராஷ்டிரத்தில் 2008-இல் வந்த ஆணைப்படி, ஒரு வார்டின் பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கையெழுத்திட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். வாக்குச்சீட்டில் நிற்கிற பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. பாதிக்கு மேற்பட்ட பெண் வாக்காளர்கள் படுத்த பாட்டிலைக் குத்தினால் கடைக்குப் பூட்டு. ராஜஸ்தானில் 1975-ஆம் ஆண்டு விதிகளின்படி 2016 மார்ச்சில் காச்சாபலி கிராமம் வாக்களித்தது. வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கடை வேண்டாம் என்றார்கள். இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டு சட்டத்துக்குப் பிறகு மது விற்பனைக்கும் இரவு விடுதிகளுக்கும் உரிமம் கொடுப்பதே உள்ளூர் மன்றம்தான். அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் தெரிவித்தால், மன்றக் குழு உட்கார்ந்து கேட்டு, மூடும் நேரத்தையும் நிபந்தனையையும் எழுதித் தர வேண்டும்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு அந்தப் பயத்தை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் கள்ளக்குறிச்சியில் அரசுக் கடைகள் இல்லாமல் இல்லை. நான் கேட்பதும் மதுவிலக்கு அல்ல. எந்த இடத்தில், எத்தனை மணி வரை என்பதை அந்தத் தெருவைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்பதே.

சட்டம் மாறும் வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். உங்கள் தெருவுக்குக் கடை வருவதாகப் பேச்சு அடிபட்டால், பள்ளிக்கூட வாசலிலிருந்து அந்த இடத்து வாசல் வரை ஆள் நடக்கும் வழியில் டேப் பிடித்து அளந்து, படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். கடை திறக்கும் முன்பே கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற சட்டமன்ற வேட்பாளரிடம், மதுக்கடைக்குப் பகுதி சபையின் சம்மதம் வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவருவீர்களா என்று நேராகக் கேளுங்கள்.