எடுத்தலும் வைத்தலும்

தச்சுப் பட்டறையில் நாள்தோறும் காணாமற்போவது பெரிய இழைப்புளியன்று. பென்சில், திருப்புளி, சிற்றுளி போன்றவையே. மரத்தில் கோடிட்டதும் பென்சிலைக் கைக்கெட்டிய இடத்தில் வைத்துவிடுகிறோம். அடுத்த கோட்டிற்குத் தேடுகிறோம். சில வேளை அது நம் காதின்மேலேயே செருகியிருக்கும்! மறதி என்று வயதின்மேல் பழி சுமத்துவது எளிது. வைக்கும்போதே மனம் அங்கில்லை என்பதே உண்மை. அறியாது வைத்ததை நினைவுகூர்வது எங்ஙனம்?

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி. பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் இடத்தை நோக்கி, மயிற்பீலியால் மெல்லத் துடைத்து, சிற்றுயிர்க்குத் துன்பம் நேராவண்ணம் ஒழுகுதல் அது. இல்லறத்தார்க்கு இஃது எதற்கு என்பர் சிலர். உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் அஹிம்சை விரதத்தை நிலைபெறச் செய்யும் பாவனைகள் ஐந்தனுள் இதனையும் வைத்துள்ளார். அவ்விரதம் அணுவிரதமாக நமக்கும் உண்டன்றோ?

சீவற்குவியலில் எறியப்படும் உளியின்கீழ் எறும்பு இருக்கலாம். ஆயினும் நம்மை உறுத்துவது வேறொன்று. ஒரு நாள் சிற்றுளியைக் காணாது, தொழில் பழக வந்த இளைஞனை, "நீ எடுத்தாயா?" என்று பலர்முன் கேட்டுவிட்டோம். அவன் தலைகுனிந்து நின்றான். மாலையில் மரத்தூளைக் கூட்டுகையில் உளி அகப்பட்டது. எடுத்துத் தந்தவனும் அவனே. பிரமாதம் என்னும் கவனமின்மையால் உயிர்க்கு ஊறு செய்தலே ஹிம்சை என்ற இலக்கணம் அன்றுதான் நமக்கு விளங்கிற்று. பலர்முன் கேட்டதற்குப் பலர்முன்னரே வருத்தம் தெரிவித்தோம். மறுநாளும் அவன் நமது கருவிப்பெட்டியருகே வரத் தயங்கினான்.