கோட்டுக்குள் வந்தவர்கள்

மைசூரு அரண்மனையை ஒட்டிய தெருக்களில் வாழ்பவரும், குடகில் தலைக்காவிரிப் பக்கம் காபித் தோட்டத்தில் உழைப்பவரும் இன்று ஒரே மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை அவர்களைச் சேர்த்து வைத்தது.

மைசூரு மக்களவைத் தொகுதியின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளில் மடிக்கேரியும் விராஜ்பேட்டையும் குடகு மாவட்டத்தவை. மைசூரு மாவட்டத்தின் நஞ்சன்கூடும் வருணாவுமோ சாமராஜநகர் மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டன. குடகின் கதை இன்னும் நீண்டது. தனி மாநிலமாக இருந்தபோது, 1952 தேர்தலில் தனக்கென ஓர் உறுப்பினரை டெல்லிக்கு அனுப்பியது. 1956இல் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. பின்பு நெடுங்காலம் மலைக்கு அப்பாலுள்ள மங்களூருவோடு சேர்ந்து வாக்களித்தது. 2008இல் மைசூருவோடு சேர்ந்தபோது அதன் மூன்று சட்டமன்றத் தொகுதிகள் இரண்டாகக் குறைந்தன. சோமவாரப்பேட்டைத் தொகுதி மறைந்தது.

இதை அநீதி என்று சொல்லிவிட முடியாது. எல்லா வாக்குக்கும் ஒரே எடை வேண்டும் என்பது மக்களாட்சியின் அறம். ஆனாலும் 2018 ஆகஸ்டில் மண்சரிவு குடகின் வீடுகளையும் தோட்டங்களையும் புதைத்தபோது, அந்தத் துயரை மக்களவையில் பேசும் கடமை, பெரும்பாலும் சமவெளி வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தவரிடம் இருந்தது. காவிரி நீரைக் குடிப்பவர்கள் கோடிக்கணக்கானோர்; அது பிறக்கும் மலையில் வாழ்பவர்கள் சிலரே.

எண்ணிக்கையில் குறைந்தவர்களின் குரல் அமுங்கிவிடுமோ என்பதுதான் தென்மாநிலங்களின் இன்றைய கவலையும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே மக்களவை இடங்களை இழக்கக் கூடாது என்றுதான் 1976இல், 1971 கணக்கெடுப்பின்படி அமைந்த பங்கீடு மாறாமல் உறைய வைக்கப்பட்டது. கர்நாடகத்துக்கு 28, தமிழ்நாட்டுக்கு 39 என்ற எண்கள் அப்படித்தான் நிலைத்தன. மக்கள்தொகை மிகுந்த மாநிலங்களிடம் நாம் எதிர்பார்க்கும் நியாயத்தைக் குடகு மைசூருவிடம் எதிர்பார்க்கிறது.

எந்த மறுவரையறை ஆணையம் எவ்வளவு நேர்மையாகக் கோடு போட்டாலும் உள்ளே சிலர் குறைவாகவே இருப்பார்கள். அவர்களைக் காக்கும் வேலையை வரைபடம் செய்யாது. உடன் வாக்களிப்பவர்தாம் செய்ய வேண்டும். தன் தெருவுக்குச் சாலை கேட்கும் மைசூருவாசி, வேட்பாளரிடம் குடகின் மண்சரிவைப் பற்றியும் கேட்க வேண்டும். ஏனெனில் குடகு தொகுதிக்குள் வந்த நாளிலிருந்து அவர் வாக்கு அவருக்கு மட்டும் சொந்தமில்லை. தனியாக வெல்ல முடியாத அயலாருக்கும் அதில் பங்குண்டு.