ஆறுதல்

எங்களுடைய கல்யாணம் 1991இல் ஜேர்மனியில் ஒரு சனிக்கிழமை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைக் கூட்டிக் கழுவித் திறப்பைக் கொடுத்தோம். திங்கள் காலை ஆறு மணிக்கு நான் ஹோட்டல் குசினியில் நின்றேன். தேனிலவு என்பது படங்களில் வருகிற சங்கதி. போக நினைத்திருந்தாலும் முடிந்திராது. அகதி விண்ணப்பம் செய்தவர் தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்டுவதென்றால் அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் எடுக்கவேண்டும் என்பது 1982 முதல் அங்கு சட்டமாயிருந்தது. எனது வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை.

அந்தக் கல்யாணத்தில் பிறந்த மகள் இப்போது தானும் கல்யாணம் முடித்து, இரண்டு கிழமை மொரீசியஸ் தீவுக்குப் போவதாகச் சொன்னாள்.

‘இரண்டு கிழமையும் அங்கை என்ன செய்யப்போறியள்?’ மனைவி கேட்டாள்.

‘ஒண்டும் செய்யிறேல்லை அம்மா. ஆறுதலா இருக்கப்போறம்.’

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் ஏதோ உறுத்தியது. ஊரில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களைப் பிடித்தபடி தாய்மார் இன்னும் தெருவோரம் இருக்கிறார்கள். அகதியின் பிள்ளை கடற்கரையில் சும்மா படுத்திருக்கலாமா? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஒரு பதில் கேள்வி கேட்டிருப்பாள்: நான் படுக்காவிட்டால் அந்தத் தாய்மாரில் யாருக்கு என்ன கிடைக்கும்?

அவள் போகிற தீவைப்பற்றி நான் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். 1834இலிருந்து 1920வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் வடஇந்தியர். மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் இருந்தார்கள். அவர்கள் இறங்கிய படிகள் போர்ட் லூயிஸ் நகரில் இன்றும் இருக்கின்றன. 2006இல் அவை உலக மரபுரிமைச் சின்னமாயின. அந்நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசக் காவடி பொதுவிடுமுறை நாள். இவற்றைச் சொல்லிப் பெருமைப்படுவது எம்மவர் வழக்கம். ஆனால் என் மனதில் தங்கியவை வேறு இரண்டு விடயங்கள்.

ஒன்று, ஒருநாள் வேலைக்கு வராதவனுக்கு இரண்டு நாள் கூலியை வெட்டும் வழக்கம். மற்றது, 1867ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தம் முடிந்த கூலிகூடப் படம் ஒட்டிய அனுமதிச்சீட்டைக் கையில் வைத்திருக்கவேண்டும். அதில்லாமல் தெருவில் நடந்தால் ‘நாடோடி’ என்று பிடித்து அடைக்கலாம். 1871இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கூலிகள் இந்தக் கொடுமைகளைச் சொல்லி ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு விசாரிக்க ஓர் அரச ஆணைக்குழு வந்தது. படம் ஒட்டிய தாளைக் காட்டாமல் எல்லை தாண்ட முடியாத வாழ்க்கை என்னவென்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அந்தத் தீவில் ஒரு காலத்தில் கறுத்த மனிதன் ஒருவன் ஒரு வேலையுமில்லாமல் மெதுவாக நடந்து போவது குற்றம். இன்று அதே தீவு விற்பனை செய்வது அந்த மெதுவான நடையைத்தான். தடை செய்யப்பட்டதுதான் இப்போது சரக்கு.

எனவே, துன்பப்படுகிறவன் இருக்கும்வரை மற்றவன் ஓய்ந்திருக்கக் கூடாது என்ற வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. கூலிக்காரனை அடித்த கங்காணி சொன்னதும் ‘சும்மா இராதே’ என்பதுதான். அவனுடைய குரலையே நாம் மனச்சாட்சியின் குரலென்று எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் தலையிலும் வைக்கிறோமோ என்று சந்தேகமாயிருக்கிறது.

ஆனாலும் கணக்கு இத்துடன் தீரவில்லை. குசினிக்குப் பிறகு நான் அதே ஹோட்டலில் ஆறு வருடம் அறை துப்புரவு செய்தேன். புதிதாகக் கல்யாணம் முடித்த சோடிகள் வந்தால் எங்களுக்குப் பயம். ‘தொந்தரவு செய்யவேண்டாம்’ என்ற அட்டை மதியம் தாண்டியும் கதவில் தொங்கும். வேலை முடிகிற நேரத்தில் அட்டையை எடுப்பார்கள். அரைமணி நேரத்தில் செய்யவேண்டியதைப் பத்து நிமிடத்தில் செய்து, கடைசி பஸ்ஸுக்கு ஓடுவோம். அவர்களில் யாரும் கெட்டவர்களல்ல. அவர்களுடைய ஆறுதல் என்னுடைய அவசரமாக மாறியது, அவ்வளவுதான்.

ஊர்ப்பேச்சில் ஆறுதல் என்றால் அவசரப்படாமை. ‘ஆறுதலா வா’ என்பார்கள். துக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லுவதும் ஆறுதல்தான். இரண்டுக்கும் ஒரே சொல் ஏன் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது. அவசரப்படுகிறவனால் இன்னொருவனுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. ஓய்வு குற்றமல்ல, அது யாருடைய நேரத்தில் வெட்டியெடுக்கப்பட்டது என்று பாராமல் இருப்பதுதான் குற்றம். இதைத்தவிர ஒழுக்கமாக வேறொன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

மகளிடம் ஒன்றுமட்டும் சொன்னேன்: ‘அட்டையைக் காலமை பத்து மணிக்கு முதல் எடுத்துப்போடு பிள்ளை.’ அவள் சிரித்தாள். பிறகு ஏனென்று கேட்டாள். சொன்னேன்.

அவர்கள் போனபின் வந்த ஞாயிறு எனக்கும் மனைவிக்கும் வேலையில்லை. ஆற்றங்கரை வாங்கில் போய் இருந்தோம், ஒன்றும் செய்யாமல். இருபது நிமிடம் போயிருக்கும். மனைவி எழுந்து சேலையைத் தட்டினாள்.

‘எழும்புங்கோப்பா, வெங்காயம் வெட்டக் கிடக்கு.’

‘கொஞ்சம் இரன்.’

‘பழக்கமில்லையே’ என்றாள். ஆனாலும் திரும்ப இருந்தாள்.