நகம் பட்ட இடம்

செய்யாற்றில் ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் எங்கள் பழைய தெருப் பெரியம்மா. "புதுசாம்மா?" என்றபடி என் முந்தானையை மடியில் இழுத்துவைத்து, ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையை என் தோளில் சரியாகப் போட்டுவிட்டு, "பந்தி எழுந்துட்டாங்க, வா" என்றார்.

அவ்வளவுதான். மூன்று வாரமாக அந்த நகம் என்னை விடவில்லை.

புடவை 38,000 ரூபாய். சீட்டைத் தள்ளி எடுத்து வாங்கினேன். கல்யாணத்துக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அப்பா ஆரணியில் குழித்தறியில் நெய்தவர். பட்டும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து எடை போட்டு வரும். நெய்த புடவையும் எடை போட்டுத்தான் போகும். நாங்கள் தொட்டு வளர்ந்த பட்டு எதுவும் எங்களுடையது இல்லை. அம்மாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று, முகூர்த்தப் புடவை.

பழைய பட்டு வாங்குகிறவர் ஒருவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். அவரும் நகத்தால்தான் சுரண்டுவார். அசல் ஜரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். உள்ளே ஓடும் அந்தப் பட்டு நூல் சிவப்பு. சிவப்பு தெரிந்தால் வெள்ளிக்கு விலை உண்டு. புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். அம்மாவின் புடவையில் சிவப்பு தெரிந்தது. அந்த வருடம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டிய பணம் அதுதான்.

கல்லூரியில் தார்ஸ்டீன் வெப்லன் 1899-இல் எழுதிய புத்தகத்தைப் பாதிதான் படித்தேன். செல்வம் இருந்தால் போதாது, பிறர் கண்ணில் பட்டால்தான் அதற்கு மதிப்பு என்று அவர் சொன்னது மட்டும் நினைவில் நிற்கிறது. ஜரிகை விஷயத்தில் அது முழுதாகப் பொருந்தவில்லை. பத்தடி தள்ளி நின்றால் அசலும் போலியும் ஒன்றாகத்தான் மின்னும். 2004-இல் வந்த சில்க் மார்க் முத்திரைகூடப் பட்டுக்குத்தான் சாட்சி, ஜரிகைக்கு அல்ல. மின்னினால் போதுமென்றால் 3,000 ரூபாய்ப் புடவையே போதுமே. அப்படியானால், சுரண்டிப் பார்க்கத் தெரிந்த யாரோ ஒருவருக்காகத்தான் அவ்வளவு கொடுத்தேனா?

2008-இல் ரவி வர்மா ஓவியங்களை நெய்து, ஏறக்குறைய 40 லட்சம் ரூபாயில் ஒரு பட்டுப்புடவை வந்தது. செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நெய்தவனுக்குக் கூலி எவ்வளவாம்?" என்று கேட்டார். செய்தியில் அது இல்லை.

பெரியம்மா அன்று கட்டியிருந்தது சாதாரண நூல்புடவை. வாழ்நாளெல்லாம் பட்டு நெய்த கை அது. சோதித்துத்தான் பார்த்தாரா, இல்லை ஜரிகையைக் கண்டதும் கை தானாகப் போனதா? போலி என்று கண்டு, நாலு பேர் முன்னால் என்னைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தாரா? அசல் என்று கண்டு, அம்மாவின் புடவையை நினைத்துக்கொண்டாரா?

எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாவிடம் போய்க் கேட்கலாம், துணிவு வரவில்லை. போலி என்று சொல்லிவிடுவாரோ என்பதைவிட, அசல் என்று சொன்னால் எனக்குள் பொங்கப் போகும் மகிழ்ச்சியை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

புடவை பீரோவில் இருக்கிறது. நகம் பட்ட இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. சீட்டுக்கு இன்னும் ஏழு மாதம் பணம் கட்ட வேண்டும்.