தரைப்பலகை

பின்கதவுப் பக்கம் கால் வைத்தேன், பலகை ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. அப்பா ஓட்டிய மெட்டடார் வேன். அவருக்குப் பிறகு சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வைத்து, லீவு கிடைத்தால் தரங்கம்பாடிப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிற வண்டியாக ஆக்கியிருந்தேன். தரையை மட்டும் தொடவில்லை. அக்கா கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். "அப்பா கால் பட்ட இடம்டா, அதை மாத்தாத."

அண்ணாமலை நகரில் எங்கள் தெரு ஆசாரி தட்டிப் பார்த்தார். "மேலாலயே ஒரு ஷீட் அடிச்சிடலாம் தம்பி. ஆனா அடியில இருக்கற இரும்பு போயிடும்." ஆபீஸில் பாதி கோட் அப்படித்தான் ஓடுகிறது, எனக்குப் புதிதில்லை. இருந்தாலும் பிரிக்கச் சொன்னேன். அக்காவிடம் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் தீசியஸின் கப்பலை இழுத்து வருவார்கள். ஏதென்ஸ்காரர்கள் மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள், கடைசியில் அது அதே கப்பலா என்று புளூட்டார்க் எழுதியது. கழற்றிய பலகைகளை ஒருத்தன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று 1655இல் ஹாப்ஸ் இன்னும் குழப்பிவிட்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. சேசிஸ் நம்பர் அதேதானா, அப்போது வண்டியும் அதேதான்.

நம் பக்கம் இதற்கு ஏதென்ஸ் வரை போக வேண்டியதும் இல்லை. திருவாரூர் ஆழித்தேர் 1926இல் எரிந்துபோனது. 1930இல் புதிதாகச் செய்தார்கள். நடுவில் பல வருடம் ஓடாமல் நின்றது. பிறகு திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. யாரும் அதை இரண்டாவது தேர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவர் நடராஜரே தேரேறி வருகிறார். அன்றைக்குச் சக்கரத்தின் வயதை யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் இதெல்லாம் பொருளைப் பற்றிய கேள்வி. அக்கா கேட்டது அது இல்லை. "அதே வண்டியா?" என்று அவள் கேட்கவே இல்லையே. மாற்றாதே என்றாள், நான் சரி என்றேன். தேர் என்பது வெறும் பெயர் என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விளக்கியதை வைத்து என் சொல்லிலிருந்து நான் தப்பிக்க முடியாது.

நாலாவது பலகையைப் புரட்டியதும் ஆசாரி சிரித்தார். அடியில் பென்சிலில் அளவுகள், அப்பாவின் கையெழுத்து. அவருடைய ஏழுக்கு நடுவில் எப்போதும் ஒரு கோடு இருக்கும். "இது பாடி கட்டினவங்க போட்டது இல்ல. உங்கப்பாவே ஒருதரம் மாத்தியிருக்காரு."

முதலில் நிம்மதியாக இருந்தது. அவரே மாற்றியிருக்கிறாரே! அரை மணி நேரத்தில் அது போய்விட்டது. கால் பட்டது மட்டுமில்லை, அவரே அளந்து அறுத்த பலகை. அக்கா சொன்னது இப்போதுதான் இன்னும் சரியாகப் படுகிறது.

புதிதாக ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் போட்டோம். தண்ணீர் வெட்டிய விளிம்பு வழியாகத்தான் நுழையும் என்று ஆசாரி ஓரமெல்லாம் இரண்டு கோட் வார்னிஷ் அடித்தார். எழுத்து இருந்த பலகையில் மக்காத ஒன்றரை அடியை மட்டும் அறுத்து எடுத்து வைத்தேன்.

அன்று இரவுதான் போன் பண்ணினேன். பலகையை மாற்றியதில்கூட எனக்குச் சமாதானம் உண்டு. பிரித்து முடித்துவிட்டுச் சொன்னதற்குக் கிடையாது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ அதுக்கு முந்தின பலகையை அப்பா என்னடா பண்ணாரு?" என்றாள்.

அம்மாவிடம் கேட்டேன். போகிக்குக் கொளுத்தினாராம்.