மூப்பில் முயற்சி: ஊழ் பற்றிய ஒரு விசாரணை

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறிக்கப்பட்ட முதியவரிடம், இடைப்பட்ட வாரங்களில் வீட்டிலேயே நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து அமரவும், முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தவும் இயன்முறை மருத்துவர் சொல்லும்போது, தேயும் உடலின் போக்கை மனித முயற்சி எவ்வளவு மாற்றும் என்னும் பழைய வினா மீண்டும் எழுகிறது. திருக்குறள் இவ்வினாவை இரண்டு இடங்களிலிருந்து அணுகுகிறது: 38ஆம் அதிகாரமான ‘ஊழ்’, விதியினும் வலியது இல்லை என்கிறது, 62ஆம் அதிகாரமான ‘ஆள்வினையுடைமை’, அதாவது விடாமுயற்சி, சோராது உழைப்பவர் அவ்விதியையே புறங்காண்பர் என்கிறது.

மூப்பில் எது ஊழ், எது முயற்சியின் எல்லைக்குள் வருவது என்று பிரித்தறிவதே முதற்பணி. மருத்துவர்கள் ‘தளர்நிலை’ எனக் குறிப்பது முதுமையின் மறுபெயர் அன்று. காரணமற்ற எடைக்குறைவு, சோர்வு, கைப்பிடி வலிமைக் குறைவு, நடைவேகக் குறைவு, இயக்கக் குறைவு ஆகிய ஐந்தில் மூன்றேனும் காணப்படுவதையே 2001இல் வகுக்கப்பட்ட வரையறை தளர்நிலை எனக் கொள்கிறது. வலிக்கு அஞ்சி நடை குறைய, நடை குறைந்ததால் தசை மெலிய, தசை மெலிந்ததால் மூட்டின் சுமை மிகுந்து வலி பெருகும் இச்சுழலில், விதி என்று பெயர் பெறுவதில் ஒரு பகுதி பயன்படுத்தாமையின் விளைவே. அமெரிக்காவில் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய முதியோரிடம் நடத்தி 1990இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 8 வார எடைப்பயிற்சிக்குப் பின் தொடைத்தசையின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது.

ஆயினும் அறுவைக்கு முன் பயின்றவர் அனைவரும் விரைந்து நலமடைவர் என்று உறுதி கூற இயலாது. இவ்விடத்தில், தெய்வத்தால் கைகூடாததாயினும் உடல் வருந்திய அளவுக்கு முயற்சி கூலி தரும் என்னும் வள்ளுவரின் கருத்து நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. தேய்ந்த எலும்புப் பரப்பை நீக்கி, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டை மருத்துவர் பொருத்தலாம். அதைத் தாங்கி நடத்தும் தொடையின் முன்புறத் தசையை எவரும் பொருத்த முடியாது என்பதோடு, அறுவைக்குப் பின் அது மேலும் மெலியவும் செய்யும். ஆகவே உழைத்த உடலிலேயே கூலி சேமிப்பாகத் தங்குகிறது. நோயாளி தம் சிகிச்சையில் செயப்படுபொருளாக மட்டும் இராமல் எழுவாயும் ஆகிறார்.

முயற்சியை மட்டும் போற்றும் அறம், எழுந்து நிற்க இயலாதவரைச் சோம்பர் என்று பழிக்கக்கூடும். ஊழை மட்டும் நம்பும் அறம், வயதாகிவிட்டது என்று அவரைக் கைவிடக்கூடும். நாற்காலியருகே நிற்கும் உறவினருக்கு இரண்டு அதிகாரங்களும் தேவைப்படுகின்றன: அவர் எழ முயலும்வரை இரண்டாவது, முயன்றும் இயலாமற் போகும் நாளில் முதலாவது.